ஃபேனுக்கு சுவிட்ச் போடுங்கள், ஃபேன் வயரில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்டி சூடாவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடவில்லை என்றால் பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, நேராக ஃபேனுக்குக் கொடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்று நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். ஐந்து நிமிட வேலைதான், பொய்யில்லை. நானும் ஒருகாலத்தில் அதே ஐந்து நிமிடத்தில் அதே வேலையைச் செய்து முடித்துவிட்டு ரொம்பப் பெருமையாக இருந்தவன், அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாசம். இஞ்சினிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து ஓரங்கட்டினேன். சுவிட்சை அணைக்கலாம் என்று விரலை வைத்தால் அது வெண்ணெய் மாதிரி குழைந்து உள்ளே போகிறது. அணைத்தும் ஃபேன் நிற்கவில்லை. சாவியைக் கழற்றினேன், அப்போதும் நிற்கவில்லை. உள்ளே இருந்த தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கடைசியில் போனட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் அதன் முதுகில் 6 ஆம்ப் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. மாட்டுவதற்கு முன்னால் அதை யார் பார்க்கிறார்கள்?

விஷயம் இதுதான். கார் ஃபேன் ஒன்று ஓடும்போதே சாதாரணமாக 10 முதல் 30 ஆம்ப் வரை இழுக்கும், கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சுவிட்சின் தொடுமுனையில் நாளடைவில் கரி படிந்து 0.05 ஓம் தடை வந்தால் போதும், 20 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 20 வாட் சூடு கிளம்பும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பற்றவைத்து டேஷ்போர்டுக்குள் செருகி வைப்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் போட்ட வயரில் ஃபியூஸும் கிடையாது. இஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம்கூடப் போடாமல் இழுத்திருந்தேன். அந்தத் தகட்டு விளிம்பு வயரை அறுத்திருந்தால் சுவிட்ச் கருகியதோடு கதை முடிந்திருக்காது.

சரி, எப்படித்தான் போடுவது? பெரும்பாலான வண்டிகளில் ஃபேனுக்கென்று ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச், ஏற்கெனவே இருக்கிறது, அதை வேலை செய்யவைத்தால் போதும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-இல் பேட்டரி கரண்ட் வரும், 87-இலிருந்து ஃபேனுக்குப் போகும், 85-உம் 86-உம் உள்ளே இருக்கிற காயிலின் (கம்பிச்சுருளின்) இரண்டு முனைகள். அந்தக் காயில் குடிப்பது 0.2 ஆம்புக்கும் குறைவு. அவ்வளவு சின்னக் கரண்டை எந்தச் சுவிட்சும் காலத்துக்கும் தாங்கும், மெல்லிய வயர் போதும். ஃபேனின் கனமான கரண்ட் போனட்டுக்குள்ளேயே இருந்துவிடும், உங்கள் முழங்காலுக்கு மேலே வராது. (ஐந்து கால் ரிலே வாங்குகிறவர்கள் நடுவில் இருக்கும் 87ஏ காலில் ஃபேனைக் கொடுத்துவிடாதீர்கள். அது ரிலே சும்மா இருக்கும்போது கரண்ட் கொடுக்கிற கால். சுவிட்ச் போட்டால் ஃபேன் நிற்கிறது, அணைத்தால் ஓடுகிறது என்று என்னிடம் குழம்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.)

பழைய வகை வண்டிகளில் ரேடியேட்டரின் பக்கத்திலோ அடியிலோ ஒரு தெர்மோ சுவிட்ச் திருகியிருக்கும். தண்ணீர் சுமார் 95 டிகிரி ஆனதும் அது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும், 87 அளவுக்கு இறங்கினால் விட்டுவிடும். பல வண்டிகளில் அது செய்வதெல்லாம் ரிலே காயிலின் ஒரு முனையை எர்த்தோடு, அதாவது பேட்டரி மைனஸ் சேர்ந்திருக்கும் வண்டியின் உடலோடு, சேர்ப்பதுதான். அப்படியானால் நீங்கள் செய்யவேண்டியதும் அதுவே. காயிலிலிருந்து தெர்மோ சுவிட்சுக்குப் போகும் வயரில் ஒரு கிளை எடுத்து, உள்ளே சுவிட்சுக்குக் கொண்டுவந்து, சுவிட்சின் மறு முனையை பாடி எர்த்தில் கொடுங்கள். எதையும் வெட்டவேண்டாம். தெர்மோ சுவிட்ச் ஒரு கதவு, உங்கள் சுவிட்ச் பக்கத்தில் இன்னொரு கதவு, எது திறந்தாலும் ஃபேன் ஓடும். நீங்கள் மறந்தாலும் பழைய கதவு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதைத்தான் உங்கள் குறிப்பு கோட்டைவிட்டது என்பேன். சிலர் சுவிட்சை அந்த வயருக்கு நடுவிலேயே வெட்டிப் போடுகிறார்கள், அப்போது சுவிட்ச் அணைந்திருந்தால் தெர்மோ சுவிட்ச் எவ்வளவு கத்தினாலும் ஃபேன் ஓடாது. வண்டியை வேறு யாரிடமாவது ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள், தெரியும். ஆன், ஆஃப், ஆட்டோ என்று மூன்று நிலை சுவிட்ச் போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஃபேனை நிறுத்தி வைக்கவேண்டிய தேவை ஆழமான தண்ணீரைக் கடக்கிறவர்களுக்கு உண்டு, ஓடுகிற ஃபேன் தண்ணீரில் மாட்டினால் இறக்கை வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும் என்பதால். மற்றவர்களுக்கு அந்த ஆஃப் எதற்கு?

கிளை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. இஞ்சின் ஆறியிருக்கும்போது இக்னிஷனை மட்டும் போட்டு, தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேருங்கள். ஃபேன் ஓடினால் ரிலே, ஃபியூஸ், மோட்டார் மூன்றும் நன்றாக இருக்கின்றன, கோளாறு தெர்மோ சுவிட்சில். அப்புறம் அந்தக் கனெக்டர் வயரின் தடிமனையும் பாருங்கள். ஃபேன் வயர் அளவுக்குத் தடிமனாக இருந்தால் உங்கள் வண்டியில் ரிலேயே இல்லாமல் தெர்மோ சுவிட்ச் வழியாகத்தான் முழுக் கரண்டும் போகிறது என்று அர்த்தம். அதில் கிளை எடுத்தால் என் கதைதான் உங்களுக்கும். தனியாக ஒரு ரிலே வைத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் போட்டு, 20 ஆம்ப் இழுக்கிற ஃபேன் என்றால் 30 ஆம்ப் ஃபியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் வைத்துச் செய்யுங்கள். அதற்கு முன்னால் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒன்று பாருங்கள்: சில வண்டிகளில் ஃபேனுக்குப் பிளஸ் எப்போதும் வந்துகொண்டிருக்கும், மைனஸ் பக்கத்தைத்தான் சேர்த்துப் பிரிப்பார்கள். அதில் இன்னொரு பிளஸ் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

இப்போது வரும் வண்டிகளில் தெர்மோ சுவிட்சே இருக்காது, இஞ்சின் கம்ப்யூட்டர்தான் ரிலேயைப் போட்டு எடுக்கும். அந்த வயரில் கை வைத்தால் சிலவற்றில் கோளாறு விளக்கு எரியத் தொடங்கும். இரண்டு ஃபேனைத் தொடராக இணைத்து மெதுவாகவும் இணையாக இணைத்து வேகமாகவும் ஓட்டுகிற மூன்று ரிலே அமைப்பு இருந்தாலோ, வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற மாட்யூல் இருந்தாலோ வயரிங் வரைபடம் கையில் இல்லாமல் தொடாதீர்கள். நான் தொடமாட்டேன்.

காயிலின் பிளஸ் முனை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இக்னிஷன் போட்டால் மட்டும் வருகிற இடத்திலிருந்து இருக்கட்டும். எப்போதும் உயிரோடு இருக்கிற வயரில் கொடுத்துவிட்டு சுவிட்சை அணைக்க மறந்தால், 45 ஆம்பியர்-மணி பேட்டரியை 20 ஆம்ப் ஃபேன் இரண்டு மணி நேரத்தில் துடைத்துவிடும். சுவிட்ச் போட்டிருப்பதைக் காட்ட ஒரு சின்ன விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டும்போது ஃபேன் சத்தம் உள்ளே கேட்காது.

சுவிட்சைப் போட்டே விட்டால் இஞ்சின் ரொம்பக் குளிர்ந்துபோகுமே என்று சிலர் கேட்பார்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும்வரை பயமில்லை, சுமார் 82 முதல் 88 டிகிரி வரும்வரை அது இஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்கே விடாது. வண்டி சூடாகிறது என்று அந்தத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறவர்களைப் பற்றித் தனிக் கடிதம் எழுதவேண்டும்.

ஃபேன் ஓடியும் டேஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி ஏறினால் சுவிட்சால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கூலன்ட் கசிவு, அடைத்துப்போன ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். சாலையில் ஓரளவு வேகமாகப் போகும்போது வருகிற காற்றே போதும், அந்த வேகத்திலும் சூடாகிறது என்றால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் சென்சாரையோ தெர்மோ சுவிட்சையோ மாற்றுங்கள். மாற்றிய பிறகு சுவிட்ச் வெறும் துணைக்கு இருக்கட்டும்.

இன்னும் இரண்டு. சாவி கழற்றியிருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று தானாகக் கிளம்பும், கை வைக்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் காத்திருக்கும், மூடி திறந்த கணத்தில் ஆவியும் கொதிநீருமாகப் பொங்கி முகத்துக்கு வரும்.

உங்கள் குறிப்பைப் படித்து ஏற்கெனவே நேரடியாக வயர் இழுத்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காவது இதைப் போடுங்கள்: ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்ததும் சுவிட்சின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சுவிட்சை உருக்கிய வாசகர்