டூஹே முதல் வார்டன் வரை: பாதுகாப்பியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வான்போர்க் கோட்பாடுகளை மாடிப்படி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். 1921இல் இத்தாலியின் ஜூலியோ டூஹே, அப்புறம் அமெரிக்க வான்படைப் பள்ளி, உச்சியில் 1991 வளைகுடாப் போரின் வான்தாக்குதலுக்குத் திட்டம் வகுத்த அமெரிக்க வான்படை அதிகாரி ஜான் வார்டன். படிக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? டூஹே காலத்தில் குறி தப்பாத குண்டு இல்லை, வார்டன் காலத்தில் வந்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்றுதான்.

நகரங்கள் மீது வெடிகுண்டும் தீக்குண்டும் நச்சுவாயுவும் விழுந்தால், மக்களே போரை நிறுத்தச் சொல்லி அரசை நெருக்குவார்கள் என்றார் டூஹே. அமெரிக்க வான்படைப் பள்ளி இருந்த அலபாமாவின் மாக்ஸ்வெல் தளத்தில் பாடம் நடத்தியவர்கள் தொழிற்சாலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சரியான ஒரு தொழிலை முடக்கினால் மற்றவை தானே நின்றுவிடுமாம். வார்டன் எதிரி நாட்டை ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வளையம் போட்டு, நடுவில் தலைமையை வைத்தார். மக்கள் நான்காவது வளையம். அவர்களை நேரடியாகத் தாக்கக் கூடாது. இலக்குதான் மாறியது. எதிரி எங்கே அடித்தால் விழுவான் என்பது நமக்குத் தெரியும் என்ற துணிச்சல் மூவருக்கும் பொது.

ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரைப் பாருங்கள். 1943 அக்டோபர் 14 அன்று அங்கே இயந்திரங்கள் சுழலத் தேவையான பால் பேரிங் செய்யும் ஆலைகளைத் தாக்க 291 அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 60 திரும்பவில்லை. ஜெர்மானியர்கள் ஆலைகளைப் பல ஊர்களுக்குப் பிரித்துவிட்டு, கையிருப்பை வைத்து ஓட்டினார்கள். அந்தத் தாக்குதல்களால் முக்கியப் போர் உற்பத்தி குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று போருக்குப் பின் அமெரிக்காவின் சொந்த ஆய்வே எழுதியது. சரி, கோட்பாடே பொய்யா? அதுவும் இல்லை. 1944 மே முதல் செயற்கை எண்ணெய் ஆலைகளை விடாமல் அடித்தபோது, சில மாதங்களிலேயே ஜெர்மானிய விமானங்களுக்குப் பெட்ரோல் பஞ்சம் வந்துவிட்டது.

வார்டன் காலத்துக்கு வருவோம். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பகுதியில் அமெரிக்கக் குண்டு குறி தப்பவே இல்லை. கட்டளை மையம் என்று நினைத்து அடித்த கட்டடத்துக்குள் பதுங்கியிருந்தது பொதுமக்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் பாக்தாத் நகருக்குள் தாக்குதல்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டன. இதைப் பாடத்தில் அடிக்குறிப்பாகக்கூடக் காணோம்!

ஐந்து வளையங்களைப் படம் வரையச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்: 1943 அக்டோபர் 15 காலை, இலக்குகளைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். மறுபடியும் ஷ்வைன்ஃபர்ட்டா, எண்ணெய் ஆலையா? எந்தத் தகவலை நம்பி?

இப்படிக்கு,
பழைய மாணவன்