கண்ணாடி முகப்பு: விளிம்பையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

உயரமான அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடி முகப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தோம். யூ-மதிப்பு (வெப்பம் கடக்கும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) 1.6, சூரிய வெப்ப ஏற்பு (வெயில் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு) 0.28 என்று அதில் வந்த எண்கள் நல்ல இரட்டைக் கண்ணாடியில் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் அவை கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியவை. ஏசி கட்டணமோ முழு முகப்புக்கும் சேர்த்து வருகிறது.

முகப்பின் பரப்பில் 15 சதவீதம் அலுமினியச் சட்டம், அதில் வெப்பத்தடுப்புப் பட்டை இல்லாததால் அதன் யூ-மதிப்பு 7 என்று வைத்துக்கொள்வோம். மீதி 85 சதவீதம் 1.6 உள்ள கண்ணாடி. சராசரி 2.4 ஆகிவிடும். இரண்டு கண்ணாடிகளையும் விளிம்பில் பிரித்து வைக்கும் அலுமினிய ஸ்பேசர் வழியே கடக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும். சட்டத்துக்குள் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்காலான வெப்பத்தடுப்புப் பட்டை வைப்பது இதற்காகத்தான். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான்.

லோ-இ பூச்சு (வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும் மெல்லிய வெள்ளிப் பூச்சு) எந்த முகத்தில் வர வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. இரட்டைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து எண்ணினால் நான்கு முகங்கள். வெயிலைத் தடுக்கப் பூச்சு 2-ஆம் முகத்தில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். உள்-வெளி மாறிப் பொருத்தினால் அது 3-ஆம் முகமாகிவிடும். யூ-மதிப்பு அப்படியே இருக்கும், உள்ளே வரும் வெயில் மட்டும் கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. லைட்டர் சுடரைக் காட்டுங்கள்: நான்கு பிம்பங்களில் நிறம் மாறித் தெரிவது பூச்சுள்ள முகம். ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் இதைப் பார்க்கலாம். இந்தப் பூச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் சுரண்டி எடுத்த பிறகே சீலன்ட் (விளிம்பை ஒட்டி மூடும் பசை) இட வேண்டும். விட்டுவிட்டால் வெள்ளிப் படலம் ஈரத்தில் அரிக்கும், ஒட்டும் பிடியும் போய்விடும்.

வெளியே சட்டம் தெரியாத முகப்புகளில் கண்ணாடியைத் தாங்குவதே சிலிக்கோன்தான். அது ஒட்டும் அகலத்துக்கு எளிய கணக்கு உண்டு: குறுகிய பக்கத்தின் பாதியைக் காற்றழுத்தத்தால் பெருக்கி, சிலிக்கோன் தாங்க அனுமதிக்கும் அளவான 0.14 மெகாபாஸ்கலால் வகுக்க வேண்டும். 1.5 மீட்டர் அகலம், 2 கிலோபாஸ்கல் காற்று என்றால் 10.7 மில்லிமீட்டர், 11 என்று மேலே கொண்டுபோங்கள், 10 என்று கீழே இறக்காதீர்கள். இத்தகைய முகப்பில் இரட்டைக் கண்ணாடியின் விளிம்பை வெளிப்புறம் மூடும் இரண்டாவது சீலும் சிலிக்கோனாகவே இருக்க வேண்டும். பாலிசல்ஃபைடு சீலன்ட் புற ஊதாக் கதிரில் பிடி விடும்.

விளிம்பின் விலை என்னவென்று 1970-களில் பாஸ்டனின் ஜான் ஹேன்காக் கோபுரம் காட்டியது. கண்ணாடியை ஈய ஸ்பேசரோடு இணைத்த பற்றவைப்பு மிக விறைப்பாக இருந்ததால், அசைவையும் விரிவையும் அது வாங்கிக்கொள்ளாமல் கண்ணாடிக்கே கடத்தியது. 10,000-க்கும் மேற்பட்ட பலகைகளை மாற்ற வேண்டியதாயிற்று.

டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவூட்டியது) போட்டால் கவலையில்லை என்ற வரியும் திருத்தப்பட வேண்டியது. நிக்கல் சல்ஃபைடு துகள் உள்ளே இருந்தால் பல ஆண்டுகள் கழித்துக்கூட அந்தக் கண்ணாடி தானாக நொறுங்கலாம். சுமார் 260 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்துச் சோதிக்கும் ஹீட் சோக் முறை இந்த வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும், முழுவதும் நீக்காது. அதனால் ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே, உடைந்தாலும் துண்டுகளைப் பிடித்து வைக்கும் லேமினேட்டட் கண்ணாடியே சரி.

தளத்தின் ஓரத்துக்கும் முகப்புக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தீ மேலே ஏறாதபடி கனிமக் கம்பளியால் அடைப்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
முகப்புப் பொறியாளர்கள் சிலர்