உன் குழம்பு கரித்த காரணம்

மதுரை,
ஆடி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் மாவுக்கட்டை இன்னும் பதினெட்டு நாளில் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விரல் வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. மாப்பிள்ளையையும் பேரனையும் பார்த்துக்கொள். எங்களை நினைத்துக் கவலைப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாய். நாலாயிரம் பேருக்கு மேல் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்த குறிப்பு. அதைப் பார்த்துச் செய்தும் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்து, சட்டியோடு கொட்டினாய். "இனிமே இவங்க எழுதுற எதையும் நம்பமாட்டேன்ப்பா" என்றாய். அந்தக் கோபத்திலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டு, "உப்பு அளவே தெரியாம எழுதிருக்காங்க" என்று எழுதிவிட்டதாகவும் சொன்னாய்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதிக் காதில் வாங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாய்.

நீ அனுப்பிய குறிப்பைத் திறந்து, கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி வெறும் "சூப்பர்", "பார்க்கவே நாக்கு ஊறுது", "நாளைக்கே செய்யப் போறேன்". அடுப்பே பற்றவைக்காதவர்கள் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். நாலாயிரம் என்று நீ நம்பிய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இவர்கள்தான். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது. சாப்பிடாமலே பந்தியைப் புகழ்வது சமைத்தவளுக்கும் உதவாது, அடுத்துச் சமைக்கப் போகிறவளுக்கும் உதவாது.

இரண்டாம் நாள் இருட்டுகிற நேரத்தில் ஒரு கமெண்ட் கண்ணில் பட்டது. பிரிஸ்பேனில் இருக்கிற ஒரு பெண் எழுதியது. "ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் கவனிக்கவும். இங்கே கடையில் விற்கிற டேபிள்ஸ்பூன் 20 மில்லி. இந்தியாவில் 15 மில்லி. நான் முக்கால் கரண்டிதான் போட்டேன், சரியாக இருந்தது." அவ்வளவுதான். மூன்று பேர்தான் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். நான் நாலாவது.

உடனே மேலே போய்க் குறிப்பை மறுபடி படித்தேன். "கல் உப்பு ஒரு டேபிள்ஸ்பூன்" என்று எழுதியிருக்கிறார். நீ என்ன உப்பு போட்டாய்? உன் மெல்போர்ன் வீட்டில் டப்பாவில் இருப்பது தூள் உப்பு. நான் அங்கே வந்திருந்தபோது பார்த்தேன்.

முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில் நிறுத்துக் கொடுத்தவன் நான். சும்மா இருக்க முடியுமா? அம்மா சுகருக்காக வாங்கிய சின்னத் தராசை எடுத்தேன். கரண்டியைத் தலை தட்டி நிறுத்தேன். 15 மில்லி கரண்டியில் நம் வீட்டுக் கல் உப்பு 14 கிராம் நின்றது. அதே கரண்டியில் தூள் உப்பு 18 கிராம். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறது, தூளில் இல்லை. உன் 20 மில்லி கரண்டியில் தூள் உப்பு என்றால் 24 கிராம். குறிப்பு எழுதிய அந்த அம்மா 14 கிராம் போடச் சொல்லியிருக்கிறார், நீ 24 போட்டிருக்கிறாய். அதையும் எண்ணெய் பிரியும்வரை வற்றவிட்டாய். கரிக்காமல் என்ன செய்யும்?

அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, பாப்பா. உன் மேலும் இல்லை. கரண்டி மாறிவிட்டது.

மே மாதம் அம்மா வழுக்கி விழுந்து கை உடைந்ததிலிருந்து நான்தான் சமைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவாள், நான் செய்வேன் என்றுதான் நினைத்தோம். "உப்பு எவ்வளவு?" என்றால் "ஒரு கை" என்பாள். "மல்லித்தூள்?" என்றால் "எப்பவும் போடுறதுதாங்க". அவளுடைய அளவு முழுக்க அந்த வலது கையில் இருக்கிறது. அந்தக் கை கட்டுக்குள் இருக்கிறது. இடது கையால் உப்பை அள்ளிக் காட்டச் சொன்னேன். அள்ளி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்குத் தெரியலங்க" என்று மறுபடி ஜாடியிலேயே போட்டுவிட்டாள்.

அப்போதுதான் போனில் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வாரமே பருப்பு வேகவில்லை. ஒரே குக்கரில் துவரம்பருப்பு, காய், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துப் போடுகிற சாம்பார் குறிப்பு அது. ஆறு விசில் விட்டும் பருப்பு சரளைக்கல் மாதிரி நின்றது. கீழே போய்ப் பார்த்தால் பலபேர் "பருப்பு வேகல" என்றே எழுதியிருந்தார்கள். வேகவில்லை என்பதை மட்டும் படித்து எனக்கு என்ன பிரயோசனம்? ஒருத்தர் மட்டும் விளக்கமாக எழுதியிருந்தார்: "பருப்பு மலர்ந்த பிறகுதான் புளி. புளிப்பு முதலில் பட்டால் பருப்பு இறுகிவிடும். போர் தண்ணீரிலும் வேகவைக்காதீர்கள்." புளிப்பும், உப்புத்தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் பருப்பின் சதையைக் கரையவிடாமல் கெட்டியாக்கிவிடுமாம். மறுநாள் கேன் தண்ணீரில் பருப்பைத் தனியாக வேகவைத்தேன். நாலு விசிலில் கரண்டி பட்டதும் மசிந்தது. நம் வீட்டில் போர் போட்ட நாளிலிருந்து அம்மா பருப்புக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைப்பாளே, அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அதே குறிப்பில் கொடைக்கானல்காரர் ஒருவர், திறந்த சட்டியில் ஒன்றரை மணி நேரம் ஆகியும் பருப்பு வேகவில்லை என்று திட்டியிருந்தார். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அவர் ஊரைச் சொல்லி எழுதியதால்தான் எனக்கு அது புரிந்தது. ஊரைச் சொல்லாமல் எழுதியிருந்தால் குறிப்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

நாம் சிம்மக்கல் பக்கம் காம்பவுண்டு வீட்டில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆறு குடித்தனம். எந்த வீட்டில் குழம்பு கொதித்தாலும் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போகும். கிண்ணம் திரும்பும்போது ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். "புளி கொஞ்சம் தூக்கல் அக்கா", "இன்னும் ரெண்டு கொதி விட்டிருக்கலாம்." மூலை வீட்டு ஆச்சி உப்புக் கம்மி என்றால் உப்புச் சரியாக இருக்கிறது என்று அம்மா எடுத்துக்கொள்வாள், ஆச்சியின் நாக்கு அப்படி. கீழ்வீட்டு அத்தை காரம் என்றால் மட்டும் அடுத்த தடவை ஒரு மிளகாயைக் குறைப்பாள். அவர்கள் காரம் தின்று பழகியவர்கள். அவர்களுக்கே உறைத்தால் அது நிஜமான உறைப்பு. யார் சொன்னது என்று தெரிந்ததால் சொன்ன சொல்லுக்கு எடை இருந்தது.

இப்போது எழுதுகிறவர்களும் அந்தக் காம்பவுண்டுக்காரர்கள் மாதிரிதான். நாக்கு யாருடையது என்றுதான் தெரியவில்லை. அதனால் அதைத் தேடிப் படிக்கிறேன். "மூணாவது தடவை செய்றேன்" என்று ஆரம்பிக்கிறவரை நிதானமாகப் படிப்பேன். எந்த ஊர், என்ன சட்டி, கேஸா கரண்ட் அடுப்பா, எத்தனை பேருக்கு என்று சொல்கிறவர்களை நம்புவேன். அஞ்சு நட்சத்திரத்தையும் ஒண்ணையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரத்தை முதலில் பார். அஞ்சில் ஆசை இருக்கும், ஒண்ணில் கோபம் இருக்கும். மூன்று போட்டவர் பெரும்பாலும் நிஜமாகவே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு யோசித்துப் போட்டவராக இருப்பார்.

உன் கத்திரிக்காய்க் குழம்புக்கே வா. நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய், சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம், புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம் போட்டுவிட்டு, "மதுரை ருசியே இல்லை, நேரம் தண்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குறிப்பை எழுதியவர் பாவம், இளம் கத்திரிக்காயை நாலாகக் கீறிக் காம்போடு வதக்குவதுவரை பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். தேங்காய் அரைத்து ஊற்றலாமா கூடாதா என்று இன்னொரு இருபது பேர் சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவில் மேலூர் பக்கத்துக்காரர் ஒருவர், தாங்கள் தேங்காய் சேர்ப்பதில்லை, வறுத்த வேர்க்கடலையும் ஒரு கரண்டி எள்ளும் அரைத்து ஊற்றுவோம் என்று எழுதியிருந்தார். அண்ணாநகர் உழவர் சந்தையில் (1999-இல் அதைத் திறந்தபோது உன்னைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேனே) அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கிவந்து அப்படியே செய்தேன். அம்மா இரண்டாம் தடவையும் சோறு கேட்டாள். விழுந்ததிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டாள்.

புளியும் அப்படித்தான். குறிப்பில் "எலுமிச்சை அளவு" என்று இருக்கும். எந்த எலுமிச்சை? நம் வீட்டுக் கொல்லையில் காய்ப்பது ஒரு அளவு, கடையில் விற்பது ஒரு அளவு. "25 கிராம் போட்டேன், அரைக்கிலோ காய்க்குச் சரியாக இருந்தது" என்று கீழே ஒருவர் எழுதியதை வைத்துத்தான் நான் செய்தேன்.

இன்னொன்று. இட்லி மாவு பொங்கவில்லை என்று நீ அம்மாவிடம் கேட்டபோது "ராத்திரி ஆட்டி வச்சா காலையில பொங்கிரும்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. மதுரையில் அது உண்மை. சித்திரையில் ஆறு மணி நேரத்தில் மாவு சட்டியைத் தாண்டி வழிந்துவிடும். உனக்கு ஜூலையில் விடிகாலை ஆறேழு டிகிரி. அந்தக் குளிரில் மாவை எப்படிப் பொங்கவைப்பது என்று அம்மாவுக்கும் தெரியாது, அப்பத்தாவுக்கும் தெரிந்திருக்காது. கனடாவில் இருக்கிற ஒரு பெண்தான் எழுதியிருக்கிறார்: ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டு, மாவுச் சட்டியை மூடி உள்ளே வைத்துப் பன்னிரண்டு பதினாலு மணி நேரம் தொடாதே என்று. அந்த விஷயத்தில் நம் வீட்டு அனுபவத்தைவிட அந்தப் பெண் சொல்வதுதான் உனக்குப் பெரிது. எதையும் நம்பமாட்டேன் என்றால் இவரையும் சேர்த்துத்தான் விடுகிறாய்.

அதனால் அப்பாவுக்காக ஒன்று செய். நீ போட்ட ஒற்றை நட்சத்திரத்துக்குத் திரும்பப் போய், எழுதியதை மாற்று. மெல்போர்னில் இருக்கிறேன், 20 மில்லி கரண்டியில் தூள் உப்பு போட்டேன், கரித்தது. 14 கிராம் நிறுத்துப் போட வேண்டும் என்று எழுது. நட்சத்திரம் எத்தனை என்பது நீ மறுபடி செய்து பார்த்த பிறகு உன் இஷ்டம். அந்த அம்மாவும் யாரோ ஒருத்தி, தன் வீட்டு அடுப்பில் செய்ததைத்தான் எழுதினார். "அளவே தெரியாம" என்ற வார்த்தை அவர் கண்ணில் பட்டிருக்கும்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அப்பத்தாவின் பித்தளை ஆழாக்கு. 1956-இல் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்த பிறகும் நம் வீட்டு அரிசிப் பானையை விட்டுப் போகாதது அது. டானிக் பாட்டில் மூடியில் 15 மில்லி கோடுவரை தண்ணீர் பிடித்து ஊற்றினேன். பதினோரு மூடி ஊற்றிய பிறகு விளிம்புக்கு நூலிழை பாக்கி; இன்னும் 3 மில்லி ஊற்றியதும் தளும்பி நின்றது. ஆக 168 மில்லி. அங்கே உன் கப் 250. அம்மா "ரெண்டு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு உளுந்து" என்று சொன்னால் இதிலேயே அள. தானியம் எதுவும் உங்கள் ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் ஒரு அரிசிமணிகூட ஒட்டியிருக்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்து, கை பழையபடி மடங்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஜாடியில் கைவிட்டு எப்போதும்போல ஒரு கை உப்பு அள்ளி என் தராசில் வைக்க வேண்டும். எத்தனை கிராம் என்று உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா