தம்பியின் சம்பளம்

அன்புள்ள பாப்பா,

நீயும் தம்பியும் நலம்தானே? மூன்று வாரமாகப் போனில் "கஸ்டமர் இருக்காங்கம்மா, ராத்திரி கூப்பிடறேன்" என்பதோடு நின்றுபோகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யூனிஃபார்ம் மலையாகக் குவிந்திருக்கும், எனக்குத் தெரியாதா? குறையாகச் சொல்லவில்லை. நானும் இருபது வருடம் அதே மலைக்கு அடியில் உட்கார்ந்தவள்தான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பழைய ஓவர்லாக் மெஷினை ஒருவழியாக விற்றுவிட்டேன். நீ திட்டிக்கொண்டே ஓட்டுவாயே, அதுதான். வேறு செய்தி பெரிதாக ஒன்றுமில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். சிறுதொழில் செய்கிறவர்கள் கணக்கு எழுதுவது பற்றி. பாடம் எடுத்த ஆடிட்டர் அம்மா பாதி நாள் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்: வீட்டு ஆளையே கடையில் வேலைக்கு வைத்தால் சம்பளம் எப்படிக் கொடுப்பது. உனக்கு உதவும் என்று குறித்து வைத்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் தொகையைப் பேசிவிட வேண்டுமாம். எவ்வளவு என்பதற்கு அவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆள் நாளையிலிருந்து வரவில்லை என்றால் அதே வேலைக்கு வெளியாளை என்ன கொடுத்து வைப்பாய்? அதைக் கொடு. கட்டிங் செய்தால் கட்டிங்குக்கு உள்ள கூலி, காஜா பட்டன் என்றால் அதற்கு உள்ளது. கூடப் பிறந்தவன் என்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கூட்டினால் பக்கத்து மெஷினில் இருக்கிற பெண்ணுக்கு மனசு கசந்துவிடும், அவளும் அதே பத்து மணி நேரம் குனிந்து தைக்கிறவள். ஆசையாகக் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தோன்றினால் உன் சொந்தப் பணத்திலிருந்து கொடு, சம்பளத்தோடு கலக்காதே.

அப்புறம் தேதி. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நாளில், பாங்க் வழியாக, சீட்டோடு. சட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஆனாலும் வீட்டு ஆளின் சம்பளம் என்றால் வரிக்காரர்கள் பொதுவாகப் பார்ப்பது இதுதானாம்: நிஜமாகவே வேலை நடந்ததா, செய்த வேலைக்கு அந்தத் தொகை நியாயமா, பணம் உண்மையில் கை மாறியதா. இதற்கெல்லாம் காகிதம் இருந்தால்தான் கடைச் செலவு என்று காட்ட முடியும். கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்துக் கொடுத்தால், அது நீ உனக்காக எடுத்துக்கொண்டதாகத்தான் கணக்கில் நிற்கும்.

"வேணும்கிறப்போ கல்லாவுல எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதே பாப்பா. சொல்கிறவர்களுக்கு அது தாராளமாகத் தெரியும். எடுக்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கை கூசும். செருப்பு அறுந்தால்கூட, இன்றைக்கு எடுக்கலாமா, நாளைக்கு எடுக்கலாமா, எதற்கு என்று கேட்பார்களா என்று நூறு யோசனை வரும்.

கடை கையைக் கடிக்கிற மாதம் வரும். அப்போது பாதியைக் கொடு, மீதியைப் பாக்கி என்று எழுதி அவன் கையிலும் ஒரு நகல் கொடு. ஆனால் தேதியில் கொடு. இதை ஏற்கெனவே எழுதிவிட்டேன், தெரியும்.

தம்பி உன்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அக்கா கடையை நடத்துறதை நீ வந்து பார்க்கணும்மா" என்கிறான். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆறு பேருக்கு வேலை கொடுக்கிற அளவுக்கு நம் வீட்டில் யார் வளர்ந்தார்கள்? ஆனால் அந்த ஆறு பேருக்கும் நாள் தவறாமல் கொடுக்கிற நீ, ஏழாவது ஆளை மறந்துவிடலாமா?

சரி, சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்று தடவை அவன் என்னிடம் பணம் வாங்கினான். ஒரு தடவை போன் ரீசார்ஜுக்கு. இருபத்துநாலு வயது, காலை ஒன்பது மணிக்கு மேஜைமுன் நின்றால் இரவு எட்டு வரை கத்திரியைக் கீழே வைக்காதவன், ரீசார்ஜுக்கு அம்மாவைக் கேட்கிறான். அவன் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அவனிடம் கேட்டும் விடாதே. நானாகப் புரிந்துகொண்டதுதான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். தங்க இடம், சாப்பாடு, துணிமணி எல்லாம் நான்தானே பார்க்கிறேன், அவன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பாய். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, 95-ஆவது எண், அதைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். கூலியில் ஒரு பகுதியைப் பொருளாகக் கொடுக்கச் சட்டம் இடம் தரலாம், முழுவதையும் அப்படிக் கொடுக்க முடியாது. வேலை செய்தவர் தன் கூலியைத் தன் விருப்பப்படி செலவழிப்பதை முதலாளி எந்த விதத்திலும் தடுக்கக் கூடாது. அப்படி அதில் எழுதியிருக்கிறதாம். 'உன் பெயரில் சேர்த்து வைக்கிறேன்' என்று சொல்லிக் கையில் கொடுக்காமல் இருப்பதும் தடுப்பதுதானே என்று அங்கே உட்கார்ந்தபடியே தோன்றியது. அந்த வார்த்தையை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? என்னிடம்தான்.

பாப்பா, ஏழு வருடம் நீ என் கடையில் வேலை செய்தாய். ஒரு மாதம்கூட நான் உனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. "கடையே உனக்குத்தானே" என்றேன். குடும்பத் தொழிலில் ஊதியம் வாங்காமல் உழைக்கிறவர்களுக்குத் தொழிலாளர் புள்ளிவிவரத்தில் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்களாம். 1993-இல் வகுத்த உலகப் பட்டியலில் 'பங்களிக்கும் குடும்பத் தொழிலாளர்' என்று அதற்குப் பெயர். உலகக் கணக்கில்கூட உனக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. என் கணக்கு நோட்டில் இல்லை.

கடை போட லோன் கேட்டபோது பாங்கில் மூன்று வருட வருமானத்துக்குச் சான்று கேட்டார்கள் என்று வந்து நின்றாய். "வேலை பார்த்தேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா" என்றாய். கணக்கில் இல்லாததை எப்படி எழுதுவது, பிறகு எனக்குத்தான் வம்பு வரும் என்றேன். நீ ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு உன்மேல்தான் எனக்குக் கோபம். பெற்றவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறாளே என்று நினைத்தேன்.

நீ போன பிறகு இரண்டு பேரை வைத்தேன், ஒருத்தி கட்டிங்குக்கு, ஒருத்தி முடித்துக் கொடுக்க. மூன்றாம் மாதமே கைப்பணம் போட வேண்டி வந்தது. மற்ற கடைகளைவிடக் குறைச்சலாகத் தைத்துக் கொடுக்கிறோம் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேனே, அந்தக் குறைச்சல் உன் கூலிதான். அதைச் சேர்க்காமலே ரேட் போட்டிருக்கிறேன். லாபம் என்று நான் எழுதியது முழுக்க உன் உழைப்பு. கடை ஓடவில்லை பாப்பா, நீதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய்.

இன்னொன்று. உனக்காகச் சேர்த்த பணம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது செலவாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அதற்கு முன்பே பாதிப் பணத்தை எடுத்துத் துணிப் பாக்கியை அடைத்துவிட்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும், எவ்வளவு கல்மனசு என்று நினைப்பேன். பாட்டி எதைப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்று இப்போதுதான் புரிகிறது.

உனக்குச் செய்ததை நான் திருப்ப முடியாது. ஆனால் நீ தம்பிக்குச் செய்வதை நீ நிறுத்தலாம். இந்த மாதமே உட்கார்ந்து பேசு. அவன் என்ன வேலை, எத்தனை மணி, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, எவ்வளவு, எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். போன எட்டு மாதத்தையும் சேர்த்து எழுது. உன்னால் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். எழுதினால் போதும், பிறகு மெதுவாகக் கொடு. இனி அவன் என்னிடம் பணம் கேட்டால் கொடுக்க மாட்டேன், அக்காவிடம் சம்பளம் கேள் என்றுதான் சொல்வேன்.

அந்த ஓவர்லாக் மெஷின் விற்ற பணத்தை உன் கணக்கில் போடப் போகிறேன். அதன் பிறகு மாதா மாதம் ஐந்தாம் தேதி, முடிந்த அளவு. எண்பத்துநாலு மாதம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இப்போது கட்டிங்குக்கு வருகிற பெண்ணுக்கு என்ன கொடுக்கிறேனோ அதையே உனக்கும் வைத்தேன். என் ஆயுசுக்குள் முடியுமா, தெரியாது. திருப்பி அனுப்பிவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். பாங்கில் விவரம் என்று கேட்கிற இடத்தில் 'சம்பள பாக்கி' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா