பையில் மிட்டாய் இருந்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் சமாளிக்க, சர்க்கரை நோயாளிகள் வெளியே போகும்போது பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு சாரார் அதை நம்பி இருந்தால் ஆபத்து. மருந்துக்கடை நடத்துகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

வோக்லிபோஸ் என்றொரு சர்க்கரை நோய் மருந்து. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற வேறு இரு சர்க்கரை நோய் மருந்துகளோடும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவதை என் கடையில் நிறையப் பேர் வாங்குகிறார்கள். சோற்றிலுள்ள மாவுச்சத்து, குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலி. காபியில் போடும் சீனி, ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் சேர்ந்த ஜோடி. இரண்டுமே அப்படியே ரத்தத்தில் கலக்காது; சிறுகுடல் சுவரிலுள்ள நொதிகள் ஒற்றை ஒற்றையாக வெட்டிவிட வேண்டும். வோக்லிபோஸின் வடிவம் சர்க்கரை மூலக்கூறைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வெட்டும் வேலை தாமதமாகும். சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாமல் இருப்பது இதனால்தான். வெட்டுப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்து. "மாத்திரை மாத்தினதிலிருந்து ஒரே கேஸ் சார்" என்று வருகிறவர்களின் சீட்டில் பல நேரம் இந்தப் பெயர் இருக்கும்.

சரி, சர்க்கரை இறங்கிவிட்டால்? இறக்குவது பெரும்பாலும் கூட இருக்கும் கிளிமிபிரைடு. மூளைக்கு முக்கிய எரிபொருளே குளுக்கோஸ் என்பதால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது மிட்டாயைக் கொடுத்தால், அதை வெட்ட வேண்டிய நொதிதான் மாட்டிக்கொண்டு நிற்கிறதே! எங்கள் தெருத் தையற்காரருக்கு இப்படி ஆனபோது வீட்டில் டம்ளர் டம்ளராகச் சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஏன் தெளியவில்லை என்று கடைக்கு ஓடி வந்தார்கள். குளுக்கோஸ் பவுடர் கொடுத்தனுப்பினேன். அது ஏற்கெனவே ஒற்றையாக இருப்பது. எந்த நொதியின் தயவும் அதற்கு வேண்டாம்.

15 கிராம், அதாவது குவித்து மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதித்து, 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழேயே இருந்தால் மறுபடி கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். வாங்கும்போது டப்பாவில் டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் குளுக்கோஸேதான். பழச்சுவை சேர்த்த சிலவற்றில் சீனியும் கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எங்கள் தொழிலிலும் ஒரு கோளாறு உண்டு. அட்டையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரித்துக் கொடுக்கிறோம். உள்ளே என்னென்ன மருந்து என்று பொடி எழுத்தில் இருக்கும் பக்கம் பல நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் வோக்லிபோஸ் வாங்குகிறவர்களுக்கு பில்லின் பின்னால் 'மிட்டாய் இல்லை, குளுக்கோஸ்' என்று பேனாவால் எழுதித் தருகிறேன். அடுத்த வாரம் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் என் கடைக்கு வராதவர்களுக்கும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி.