ஊசி எனக்கு, சுகம் அயலுக்கு: ஒரு நன்றி மடல்

எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரம் நடந்த "மலேரியா பரவலை மறிக்கும் தடுப்பூசிகள்" கலந்துரையாடலுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் எழுதுகிறேன். கேள்விகள் நீண்டுகொண்டே போனதில் நன்றியுரைக்கு நேரமில்லாமற் போய்விட்டது. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

முதலில், வளவுக்குள் விட்டு, கிணற்றையும் தண்ணித்தாங்கியையும் திறந்து காட்டிய வீட்டுக்காரருக்கு. "கிணத்தில புழு கிடக்கெண்டு ஊருக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி" என்று கேட்ட அக்கா, எந்த வீடென்று இங்கும் எழுதவில்லை. அந்தத் தண்ணீரில் கிடைத்த, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பிகள்தான் அன்று பிள்ளைகளை இருந்த இடத்தை விட்டு எழுப்பின. டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். இவை நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். நிகழ்வு முடிந்ததும் ஒன்றையும் தப்பவிடாமல் கொதிநீரில் போட்டழித்த உயர்தர மாணவிக்குத் தனி நன்றி.

"மலேரியாதான் போய்விட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு?" என்று கேட்ட பெரியவருக்கும் நன்றி. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கூட்டம் பாடசாலை வகுப்பாகியிருக்கும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. ஆனால் 1963இலும் நாடு முழுவதற்கும் 17 நோயாளர்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இப்போது நகரக் கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் கண்டறியப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் தெரியவந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தமும் இந்த நுளம்பும் சந்தித்தால் போதும். மலேரியாத் தடை இயக்கத்தின் களப் பணியாளர்கள் இதைப் பயமுறுத்தாமல் சொன்னார்கள். விடுமுறை நாளிலும் வந்ததற்கு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விலங்கியல் படிக்கும் தம்பி கரும்பலகையில் வரைந்து விளக்கியதைத்தான் இன்னும் பலர் பேசுகிறார்கள். மனித இரத்தத்தில் ஓடும் மலேரியா ஒட்டுண்ணிகளில் சிறு பங்கு ஆண், பெண் வடிவங்களாக மாறும். நுளம்பு அவற்றை உறிஞ்சிய பிறகு, அதன் வயிற்றுக்குள்தான் கருக்கட்டல் நடக்கும். இந்தத் தடுப்பூசி நம் உடலில் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் (நோயை எதிர்க்கும் புரதங்கள்) அதே இரத்தத்தோடு நுளம்புக்குள் போய், அந்தக் கருக்கட்டலையோ அதற்கடுத்த வளர்ச்சியையோ அங்கேயே மறித்துவிடும். அந்த நுளம்பு பிறகு யாரைக் கடித்தாலும் மலேரியா வராது.

"அப்ப ஊசி எனக்கு, சுகம் பக்கத்து வீட்டுக்காரனுக்கோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணை கேட்டார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அண்ணை, நீங்கள் கேட்டது முழுச் சரி. ஊசி போட்டவரை அது காய்ச்சலிலிருந்து காக்காது. ஊரே போட்டால்தான் ஊருக்குப் பாதுகாப்பு. ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்ட மலேரியாத் தடுப்பூசிகளான ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 இரண்டும் வேறு வகை. அவை நுளம்பு கடித்து உள்ளே வரும் ஒட்டுண்ணியை ஈரலில் குடியேற முன் பிடிப்பவை. பரவலை மறிக்கும் தடுப்பூசி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஒட்டுண்ணியின் பிஎஃப்எஸ்25 என்ற புரதத்தைக் குறிவைத்து மாலியில் மனிதரிடம் சோதித்த ஊசியில் பிறபொருளெதிரிகள் விரைவாகக் குறைந்துபோயின. அந்தப் புரதம் நுளம்புக்குள் மட்டுமே தோன்றுவதால், இயற்கைத் தொற்று அதை நம் உடலுக்கு மறுபடி நினைவூட்டுவதில்லை. மனித இரத்தத்தில் இருக்கும்போதே ஒட்டுண்ணியில் தோன்றும் பிஎஃப்எஸ்230 என்ற இன்னொரு புரதத்தின் மீது இப்போது நம்பிக்கை கூடுதலாக இருக்கிறது.

நேரில் நன்றி சொல்ல முடியாத சிலரும் உண்டு. 1976இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் கார்ட்டரும் டேவிட் சென்னும் கோழிகளில் இந்த வழி சாத்தியமென்று காட்டினார்கள். 1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கமினி மெண்டிஸ், கார்ட்டரோடு சேர்ந்து, வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்த இலங்கையரின் இரத்தத்திலேயே பரவலைத் தடுக்கும் ஆற்றல் இயல்பாக உண்டாவதைக் கண்டார். அந்த ஆற்றலைச் சோதிக்கும் விதம் இது: மெல்லிய சவ்வுக்கு மேலே இளஞ்சூட்டில் இரத்தம், கீழே பசித்த நுளம்புகள். ஒரு வாரத்தின் பின் ஒவ்வொன்றின் குடலையும் பிரித்து நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணி வளரும் கொப்புளங்களை எண்ண வேண்டும். பொறுமைக்குப் பெயர்போன வேலை. அதற்காகக் காய்ச்சலோடு கை நீட்டி இரத்தம் கொடுத்த நோயாளர் யார் எவரென்று எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவர்களுக்கும் இந்த மடலில் இடமுண்டு.

மற்றபடி, ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும், காசு வாங்க மறுத்த ஓட்டோக்கார அண்ணைக்கும், தேத்தண்ணியும் வடையும் குறைவில்லாமல் ஓடவிட்ட மாதர் சங்கத்தாருக்கும் நன்றி. வடை ஒன்றும் மிஞ்சவில்லை.

சேர்ந்த பணத்தில் மிஞ்சியதற்கு, கிணற்றில் விட, நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன் வாங்குகிறோம். வேண்டியவர்கள் பின்னேரங்களில் வாளியோடு நிலையத்துக்கு வாருங்கள். தாங்கிக்கு மீன் தரமாட்டோம்; அதற்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
செயலாளர்