பாதையை மாற்றிவிட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

மே மாதத்தில் டல்லாஸிலிருந்து வாடகை ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு டெக்சாஸின் அமரில்லோ பக்கம் இருக்கும் பாலோ டூரோ கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குக் கிளம்பிய எங்கள் குடும்பம், புயலைத் தவிர்த்துக் கடைசியில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடில் போய் நின்றது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறோம். அதற்குக் காரணமானவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை.

முதலில், மினரல் வெல்ஸ் ஏரிப் பூங்காவில் எங்கள் பக்கத்து இடத்தில் வண்டி போட்டிருந்த அந்தப் பெரியவருக்கும் அவர் மனைவிக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு வருடம் முழுக்க ஆர்.வி.யிலேயே வாழ்கிறவர்கள். தேசிய வானிலைச் சேவை நடத்தும் ஸ்கைவார்ன் பயிற்சி பெற்று, புயலைக் கண்ணால் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்கள். மறுநாள் விசிடா ஃபால்ஸ் போய், 287-ஆம் சாலையைப் பிடித்து அமரில்லோ பக்கம் போகிறோம் என்று சொன்னதும், அவர் தன் டேப்லெட்டை எடுத்துவந்து எங்கள் மேஜையில் வைத்தார். ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடம். ஐந்து நிலை அபாயத்தில் மூன்றாவதைக் குறிக்கும் ஆரஞ்சு நிறம் எங்கள் பாதையின் மேல் படர்ந்திருந்தது.

போகாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் நாங்கள் பயந்து வீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவர் பொறுமையாகக் காரணம் சொன்னார். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக் காற்றும், மேற்கே பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட காற்றும் முட்டும் கோடு ஒன்று உண்டு. காலையில் அது மேற்கே நியூ மெக்சிகோ எல்லைப் பக்கம் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கிழக்கே நகரும். பிற்பகலில் இடிமேகங்கள் எழும்புவது அந்தக் கோட்டை ஒட்டியும் அதற்குக் கிழக்கேயும்தான். “விடிவதற்குள் கிளம்பி, மதியத்துக்குள் அந்தக் கோட்டைத் தாண்டி மேற்கே போய்விடுங்கள்” என்றார். நாகப்பட்டினத்துக்காரரான அப்பா, புயல் என்றால் நாட்கணக்கில் முன்னறிவிப்பு கேட்டே பழகியவர். ஒரே பிற்பகலில் வானம் உருண்டு திரண்டு ஆலங்கட்டி கொட்டும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அன்று ராத்திரி அவரும் அந்தப் பெரியவரும் என் மொழிபெயர்ப்பில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரின் மனைவி செய்த உதவியும் சின்னதல்ல. டொர்னாடோ என்ற சூறாவளிச் சுழல் வந்தால் ஆர்.வி. பாதுகாப்பான இடமே இல்லை, இரவில் சைரன் கேட்டால் எங்கே ஓட வேண்டும் என்று கட்டடத்தைக் காட்டி, பிள்ளைகளை ஒருமுறை நடத்தியே கூட்டிப்போனார். ரேடியோவில் எச்சரிக்கை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் சொல்லித்தான் வரும், வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது என்று, வழியில் வரும் கவுண்டிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். நாங்கள் நின்றிருந்தது பார்க்கர் கவுண்டி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், பிக் ஸ்ப்ரிங்கில் டீசல் போட நின்றிருந்த லாரி ஓட்டுநர். பெரியவர் சொன்ன அந்தக் காற்றுக் கோட்டைத் தாண்டினால் புயல் பயம் குறையும், ஆனால் மேற்கே காற்றும் புழுதியும் கிளம்பும், இந்த உயரமான வண்டி பக்கக் காற்றில் தள்ளாடும் என்று எங்கள் ஆர்.வி.யைப் பார்த்ததுமே சொன்னார். லமேசா, செமினோல், ஹாப்ஸ் வழியாகப் போகச் சொல்லி, எங்கே ஒதுங்கி நிற்கலாம் என்றும் குறித்துக்கொடுத்தார். செமினோல் தாண்டியதும் அவர் சொன்னபடியே காற்று பிடித்தது. வேகத்தைக் குறைத்து, ஹாப்ஸில் காற்று தணியும் வரை நின்று போனோம். அன்று மாலை ரேடாரில் பார்த்தால் 287-ஆம் சாலையின் மேல் வரிசையாக, பலத்த இடிமழையைக் காட்டும் சிவப்புத் திட்டுகள்.

டல்லாஸ் நண்பர்களே, அதிகாலையிலிருந்து முறை வைத்து ரேடார் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிடாமல் என் மனைவிக்கு மட்டும் தகவல் சொன்னீர்களே, அந்த நிதானத்துக்குத் தனி நன்றி. பாலோ டூரோ முன்பதிவை எங்களுக்காக மாற்றியதும், கார்ல்ஸ்பாடில் இடம் பிடித்ததும் நீங்கள்தான். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா, மின்தூக்கியில் 750 அடி இறங்கி, கார்ல்ஸ்பாட் குகையின் பெரிய மண்டபத்தில் மெல்ல நடந்து பார்த்தார். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே 13 டிகிரி குளிர். திரும்பி வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நார்மனிலும் லபக்கிலும் மிட்லாண்டிலும் இரவு பகலாக உட்கார்ந்து அந்த வரைபடங்களைப் போடும் வானிலைக்காரர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கும் அந்தத் தம்பதிக்கும் ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் அனுப்பிவிட்டேன். லாரிக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அது மட்டும் மனதில் கிடக்கிறது.

பெரியவரின் மனைவி விடைபெறும்போது தங்களிடம் கூடுதலாக இருந்த வானிலை ரேடியோவை எங்கள் கையில் திணித்துவிட்டார். வசந்த காலத்தில் அந்தப் பக்கம் ஆர்.வி.யில் போகிறவர்கள் யாராக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்து அதையும் கவுண்டித் தாளையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
டல்லாஸிலிருந்து உங்கள் நண்பன்